ஒரு பைக், ரெண்டு பேர், ஒரு கூடாரம்: மணாலி–லே சாலையில் எது மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

இது பயணக் கட்டுரை இல்லை. மலையில் நடுவழியில் வண்டியோ கூடாரமோ உடம்போ மக்கர் செய்தால் முதலில் எதைப் பார்ப்பது, எதுவரை நாமே கை வைப்பது, எந்த இடத்தில் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுவது என்று எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஓட்டுவது அவர். பின்னால் உட்கார்ந்து மேப், சாமான், ஸ்பேனர் மூன்றையும் பார்த்துக்கொள்வது நான். போகிற மலை மாறினாலும் வருகிற கோளாறு மாறுவதில்லை, அதனால் பட்டியல் தானாகவே சேர்ந்துவிட்டது.

மணாலியிலிருந்து லே சுமார் 430 கி.மீ. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாய் ஏற வேண்டியதில்லை, ஆனால் பாரலாச்சா லா (சுமார் 4,890 மீட்டர், 'லா' என்றால் கணவாய்), 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுலுங் லா, 5,300-ஐத் தாண்டிய தங்லங் லா எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கேலாங்கை விட்டால் லே பக்கம் போகும்வரை முறையான மெக்கானிக் கடையை எதிர்பார்க்காதீர்கள். ஜிஸ்பா தாண்டியதும் பெரும்பாலும் சிக்னலும் கிடையாது. லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன் ரெண்டு பேரும் முழுச் சாமானோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் ஒரு தடவை ஏறி இறங்கிவிடுங்கள். கீழே எழுதியிருப்பதில் பாதி அங்கேயே தலைகாட்டும், அங்கே மெக்கானிக்கும் கிடைப்பார், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

## காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை. முதலில் கில் சுவிட்ச், அதாவது ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச். சிரிக்காதீர்கள், ராத்திரி வண்டிக்கு உறை போடும்போதோ கயிறு கட்டும்போதோ அது தட்டுப்பட்டு அணைந்திருக்கும். அடுத்து கிளட்சை முழுக்கப் பிடித்து, சைடு ஸ்டாண்டை மடக்கி, நியூட்ரல் விளக்கு எரிகிறதா என்று பார்த்து இன்னொரு முறை அழுத்துங்கள். அதிலும் இல்லையென்றால் சீட்டைக் கழற்றி பேட்டரி முனை ரெண்டையும் விரலால் ஆட்டிப் பாருங்கள், கற்சாலை அதிர்வில் அந்தப் போல்ட் தளர்வது சகஜம். அதுவும் சரியென்றால் ஃபியூஸ். பெரும்பாலான வண்டிகளில் அதே பெட்டிக்குள் உபரி ஃபியூஸ் ஒன்று இருக்கும். மாற்றியதும் அதுவும் படக்கென்று போனால் எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம். பிற்பாடு மாட்டிய சார்ஜர், ஃபாக் லைட், ஹாரன் எல்லாவற்றின் இணைப்பையும் உருவிவிட்டு அடுத்த ஃபியூஸ் போடுங்கள். மூன்றாவதும் போனால் நிறுத்துங்கள். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவது, கம்பி சுற்றுவது எல்லாம் வேண்டாம், சீட்டுக்கு அடியில் தீப்பிடிக்கும். வண்டியை பிக்கப்பில் ஏற்ற வேண்டியதுதான்.

'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் வருகிறது. பேட்டரி இறங்கிவிட்டது. குளிர் பாதிக் காரணம், ராத்திரி வண்டியிலிருந்தே ஃபோன், கேமரா, இன்டர்காம் மூன்றையும் சார்ஜ் போட்டது மீதிப் பாதி. இறக்கத்தில் ரெண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், ஆனால் இன்ஜெக்ஷன் வண்டியில் சாவி போட்டதும் டேங்கிலிருந்து ரெண்டு வினாடி 'ங்ங்ங்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்கவில்லையென்றால் தள்ளுவது வீண்வேலை, 4,500 மீட்டரில் மூச்சுதான் வாங்கும். வேறு வண்டியிலிருந்து வயர் போட்டு எடுக்கலாம் என்றால் காரோ ஜீப்போ பாருங்கள், அவை 12 வோல்ட், அந்த இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். பெரிய லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். டிரைவர் அண்ணன் ஆசையாக வயரை எடுத்துக்கொண்டு வந்தாலும் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறதா? இருந்தால் வெயில் இன்ஜின்மேல் அடிக்கும்வரை அரைமணி நேரம் காத்திருந்து பார்ப்பதுதான் மலிவான வைத்தியம். கார்புரேட்டர் வண்டியில் விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிளக் நனைந்துவிடும். கழற்றித் துடைத்து, உலர்த்தி மாட்டுங்கள். முந்தின நாள் வழியோரம் கேனில் வாங்கிய பெட்ரோல் ஊற்றியிருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது, கியர் போட்டதும் அணைகிறது. சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், சந்தேகமே வேண்டாம். ஸ்டாண்டின் மூட்டில் சேறு அப்பி, அது இறங்கியிருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்கிறது. பாட்டில் தண்ணீர் ஊற்றி பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். இதற்கு ஒரு நாள் முழுக்க வயரிங் பிரித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ராத்திரி எப்போதும் இறக்கத்தைப் பார்த்து, முதல் கியரில் நிறுத்துங்கள். ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தட்டைக்கல் வையுங்கள். இல்லையென்றால் ஸ்டாண்ட் மண்ணில் புதைந்து, வண்டி கூடாரத்தின்மேல் சாயும்.

## ஏற்றத்தில் இழுக்கவில்லை

தங்லங் லா உச்சியில் காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான், இன்ஜின் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு விழும். ரெண்டு பேர், முப்பத்தைந்து கிலோ சாமான், முதல் கியரில் 20 கி.மீ. வேகம் என்றால் அது கோளாறே இல்லை. கீழே 3,500 மீட்டருக்கு இறங்கியதும் பழையபடி இழுத்தால் எதையும் பிரிக்க வேண்டாம்.

இறங்கியும் இழுக்கவில்லையென்றால், ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள்.

இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. கருகின வாசனையும் வரும், அது பின்னால் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். லீவரில் 2, 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேபிளைக் கொஞ்சம் விடுங்கள், பத்துக்கு ஏழு தடவை அதோடு முடிந்துவிடும். ஏற்றத்தில் அரைக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கத்தையும் விட வேண்டும். தளர்வு சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது, அது பட்டறை வேலை. அதுவரைக்கும் சாமானை லாரியில் போட்டு அனுப்பி சுமையைக் குறையுங்கள். பின்னால் இருப்பவரை இறக்கி நடக்கவிடும் யோசனை இந்த உயரத்தில் வேண்டாம்.

சத்தமே ஏறவில்லை, அடைத்துக்கொண்ட மாதிரி முக்குகிறது. ஏர் ஃபில்டர். பாங் தாண்டி மோரே சமவெளியில் லாரிக்குப் பின்னாலேயே போயிருந்தால் மாவு மாதிரி புழுதி உள்ளே அப்பியிருக்கும். கழற்றித் தட்டி மாட்டுங்கள். கார்புரேட்டர் வண்டி உயரத்தில் பெட்ரோலை அதிகமாகக் குடித்துக் கறும்புகை விடும். அதற்காக ஃபில்டரைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டச் சொல்லும் ஆட்கள் வழியெல்லாம் கிடைப்பார்கள். இழுக்கும்தான், ஆனால் அந்தப் புழுதி நேராகப் பிஸ்டனுக்குப் போகும்.

## பின்பக்கம் ஆடுகிறது

இது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தெரியும் கோளாறு. "ஏங்க, பின்னாடி ஆடுது" என்றால் "ரோடு அப்படி, நீ சும்மா உட்காரு" என்று பதில் வரும். வரட்டும், வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

வளைவில் மட்டும் ஆடினால் சாமான். கனமான பொருளெல்லாம் (அடுப்பு, கருவிப்பை, தண்ணீர்) சீட்டுக்குப் பின்னால் கேரியரில் உயரமாக ஏறியிருக்கும். அவற்றைப் பக்கப் பைகளின் அடியிலோ டேங்க் பையிலோ வையுங்கள், மேலே தூக்கப்பை, பாய் மாதிரி லேசானவை மட்டும். இடது, வலது பைகளைக் கையில் தூக்கி எடையை ஒப்பிடுங்கள். சைலன்ஸர் பக்கம் பை தள்ளி நிற்பதால் அந்தப் பக்கமே அதிகமாக இழுக்கும். கட்டும் கயிறு நீளும் ரப்பராக இருந்தால் மாற்றி, பக்கிள் வைத்த நாடா போடுங்கள்.

நேர்ச்சாலையிலும் மிதப்பது போல ஆடினால் பின் டயரில் காற்று. தனியாக ஓட்டும்போது வைக்கிற அளவு இதற்குப் போதாது, வண்டிப் புத்தகத்தில் ரெண்டு பேருக்கென்று தனி அளவு போட்டிருக்கும். உயரம் ஏற ஏற காற்றை இறக்கிவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடும். காலையில் டயர் சூடேறும் முன் ஒருமுறை பாருங்கள், புத்தக அளவில் வையுங்கள், அதோடு விடுங்கள். அப்புறம் சஸ்பென்ஷன். பள்ளத்தில் 'டங்' என்று அடி வரை இறங்குகிறது என்றால் பின் ஸ்பிரிங்கை ரெண்டு படி இறுக்க வேண்டும். அதற்கான சி-வடிவ ஸ்பேனர் கருவிப்பையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லையென்றால் ரெண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். 'டொக்' என்று இடைவெளி தெரிந்தால் வீல் பேரிங்கோ ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ போயிருக்கிறது. ஸ்போக்குகளை ஒரு ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டிங் டிங்' என்று வந்துகொண்டிருக்கும்போது ஒன்று 'டப்' என்றால் அது தளர்ந்துவிட்டது. ஒன்றிரண்டை நாமே இறுக்கலாம், நாலைந்து என்றால் ரிம் பெண்டு எடுக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். முன்பக்கம் ஆடி, ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்). அதுவும் பட்டறை வேலை, மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம். பேரிங்கில் இடைவெளி தெரிந்தால் மட்டும் ஓட்டாதீர்கள்.

## இறக்கத்தில் பிரேக் தொளதொளவென்று போகிறது

உடனே கியரைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். தங்லங் லாவிலிருந்து ரும்ட்சே இறங்கும்போதோ, திரும்பி வரும் வழியில் காட்டா லூப்ஸின் 21 வளைவிலோ பின் பிரேக்கை மிதித்த கால் எடுக்காமல் வந்தால் இதுதான் ஆகும், பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிடுகிறது. அரைமணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

ஆறியதும் லீவர் இறுகிவிட்டால் சூடுதான் காரணம். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவது என்பது நம்மூர் பஸ் டிரைவர் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனாலும் அந்த ஆயில் ரெண்டு வருஷம் பழசு என்றால் லேயில் மாற்றிவிடுங்கள். ஆறியும் இறுகவில்லையென்றால் பேட் எவ்வளவு மிச்சம், ஹோஸ் மூட்டில் கசிவு இருக்கிறதா, டப்பாவில் ஆயில் மட்டம் என்ன என்று வரிசையாகப் பாருங்கள். கசிவு தெரிந்தால் அங்கேயே பயணத்தை நிறுத்துங்கள், ஒற்றைப் பிரேக்கில் ரெண்டு பேரோடு மலை இறங்குவது பேச்சுக்கே இடமில்லை.

லீவர் இறுக்கமாகத்தான் இருக்கிறது, வண்டி நிற்கவில்லை என்றால் செயின் ஸ்ப்ரே டிஸ்கில் பட்டிருக்கும். டிஸ்கைத் துடைத்துவிடலாம், பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ஒரு ஜோடி பேட் கையில் இருப்பது பெரிய சுமை இல்லை.

## பஞ்சர்

ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர் என்று வைத்துக்கொள்கிறேன். டயரை எப்படிக் கழற்றுவது என்று எழுதப் போவதில்லை, ஊரில் பஞ்சர் கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை நீங்களே செய்துவிட்டு வாருங்கள். ட்யூபை வெளியே எடுத்ததும் ஓட்டை எங்கே என்று பார்ப்பதுதான் முக்கியம், பேட்ச் போடுவது பிறகு.

ஓட்டை டயர் பக்கம் என்றால் ஆணி, கல். டயரின் உட்புறத்தை விரலால் தடவி அதைக் கண்டுபிடித்து எடுங்கள், எடுக்காமல் மாட்டினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி இறங்குவீர்கள். பாம்பு கடித்தது போல பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை என்றால், காற்றுக் குறைவாக இருந்து, சுமையோடு கல்லில் ஏறியதில் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. பேட்ச் போட்டுவிட்டு காற்றைக் கூட்டுங்கள். ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் விலகி ஸ்போக் முனை குத்துகிறது, இன்சுலேஷன் டேப்பை ரெண்டு சுற்று சுற்றி லே வரை போகலாம். வால்வு அடியில் கிழிந்திருந்தால் அதற்கு பேட்ச் நிற்காது, புது ட்யூப்தான்.

அதனால் முன், பின் ரெண்டுக்கும் ஒவ்வொரு உபரி ட்யூப். இடம் இல்லையென்றால் முன் சக்கரத்து ட்யூபை மட்டும் கொண்டுபோங்கள், அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் அதை அடைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம். டயர் ரிம்மை விட்டு வராமல் முரண்டு பிடித்தால், வழியில் வரும் இன்னொரு பைக்கை நிறுத்தி அதன் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். அந்தச் சாலையில் கை காட்டினால் நிற்காத பைக் குறைவு.

## ஓடையில் அணைந்துவிட்டது

பட்டனை அழுத்தாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே அழுத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் தைரியமாக ஸ்டார்ட் செய்யலாம். நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு சுற்றுங்கள், தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சும், நின்றதும் மாட்டலாம். இன்ஜின் ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் ஓட்டக் கூடாது, ஆயில் மாற்றியாக வேண்டும். பனி உருகும் தண்ணீர் மத்தியானத்துக்கு மேல்தான் ஏறும், காலை 10 மணிக்குள் கடந்துவிட்டால் இந்தத் தலைப்பே தேவைப்படாது. பின்னால் இருப்பவர் முன்பே இறங்கி, ஆழம் பார்த்து, நடந்து கடக்கட்டும்.

## தலைவலி

இதை வண்டிக்குக் கொடுக்கிற மரியாதையோடு பாருங்கள். 2,500 மீட்டருக்கு மேலே வந்த தலைவலியை, வேறு காரணம் நிரூபணமாகும்வரை, உயரத்தால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எளிய காரணங்கள்: தண்ணீர் குடிக்கவில்லை, சாப்பிடவில்லை, ஹெல்மெட் நெற்றியில் அழுத்துகிறது. ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்பும் சர்க்கரையும், சாப்பாடு, ஒரு பாராசிட்டமால், ஒரு மணி நேரம் ஓய்வு. இதில் விட்டுப்போனால் சரி, ஆனால் அன்று அதற்கு மேல் ஏறாதீர்கள்.

விடவில்லை, கூடவே குமட்டல், சோர்வு, பசியே இல்லை என்றால் அங்கேயே தங்குங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் இறங்குங்கள்.

இதெல்லாம் வந்தால் ராத்திரி என்றாலும் உடனே இறங்க வேண்டும்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், உதடு நீலம், பேச்சு குழறுவது, கோடு போட்டு குதிகால்–விரல் ஒட்டி நடக்கச் சொன்னால் தடுமாறுவது. இந்த நடைச் சோதனையைத் தினமும் சாயங்காலம் ஒருவருக்கொருவர் செய்து பாருங்கள், விளையாட்டாகவே. பாதிக்கப்பட்டவர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார், அந்த நிலையில் அவர் வாக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள், சரிந்து விழுவார். கார், லாரி, எது வந்தாலும் நிறுத்துங்கள். பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறது, அவசரம் என்று போனால் உதவி கேட்கலாம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் லேயில் இருக்கும் சோனம் நோர்பூ நினைவு மருத்துவமனை.

இந்தச் சாலையின் சிக்கல் வேறு ஒன்று. சர்ச்சு (சுமார் 4,290 மீட்டர்) ஒரு பக்கம் பாரலாச்சாவுக்கும் மறுபக்கம் நகீ லாவுக்கும் நடுவில் இருக்கிறது. பாங் லாச்சுலுங்குக்கும் தங்லங்குக்கும் நடுவில். ரெண்டிலும் எந்தப் பக்கம் இறங்க வேண்டுமென்றாலும் முதலில் ஏற வேண்டும். அதனால்தான் மணாலியிலிருந்து கிளம்பி மறுநாளே சர்ச்சுவில் கூடாரம் போடுவது எனக்குப் பிடிக்காத திட்டம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது பொதுவான விதி, ஜிஸ்பாவிலிருந்து சர்ச்சு ஒரே தாவலில் ஆயிரத்துக்கு மேல். ஸ்ரீநகர், கார்கில் (சுமார் 2,680 மீட்டர்), லே (3,500) என்று படிப்படியாக ஏறி, மணாலி வழியை இறங்குவதற்கு வைத்துக்கொண்டால் உடம்பு பழகிவிடும். மாத்திரை பற்றி (அசெட்டசோலமைடு) கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

## பின்னால் இருப்பவர் பேசுவதை நிறுத்திவிட்டார்

முதலில் இன்டர்காம் பேட்டரியைப் பாருங்கள். நிஜமாகத்தான். குளிரில் அது மத்தியானத்துக்குள் செத்துவிடும், முன்னால் இருப்பவர் கோபம் என்று நினைத்துக்கொண்டு தானும் பேசாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவா, ரெண்டு தட்டு என்றால் நிறுத்து, விடாமல் தட்டினால் இப்பவே நிறுத்து என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒதுங்க இடம். ஆண்களுக்கு இது புரிய நேரமாகிறது. மோரே சமவெளியில் நாற்பது கி.மீ.க்கு ஒரு புதர் கிடையாது. அதற்குப் பயந்து பின்னால் இருப்பவர் காலையிலிருந்து தண்ணீரே குடித்திருக்க மாட்டார், சாயங்காலம் தலைவலி என்பார், ரெண்டு பேரும் அதை உயரத்தின் தலையில் போடுவீர்கள். எங்களுடைய தீர்வு ஒரு பெரிய கறுப்புக் குடை. பாய்க்குள் செருகினால் இடமே எடுக்காது. வண்டியைச் சாலைக்கு இணையாக நிறுத்தி, அதன் மறைவில் குடையைச் சாலைப் பக்கம் விரித்துப் பிடித்தால் போதும். மாதவிலக்கு நாட்களுக்கு ஜிப் உள்ள உறையும் கூடுதல் தண்ணீரும் வைத்திருங்கள், குப்பையை ஊர் வரும்வரை கொண்டுபோயே ஆக வேண்டும்.

ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டிக்கொண்டே இருந்தால் ரெண்டே காரணம். ஓட்டுபவர் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் வெடுக் வெடுக்கென்று பிடிக்கிறார், அல்லது பின்னால் கட்டிய மூட்டை சீட்டுக்குள் வந்து ஆளை முன்னால் தள்ளுகிறது. மூட்டையை நாலு விரல் பின்னுக்குத் தள்ளிக் கட்டுங்கள். முழங்கால் வலிக்கிறது, இடுப்பு மரத்துவிட்டது என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பதைத் தவிர எந்தக் குஷனும் முழுசாகத் தீர்ப்பதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் பேச்சு வரவில்லையென்றால் அன்றைக்குக் கூடாரத்தை விட்டுவிடுங்கள். வெந்நீரும் கதவும் உள்ள அறை எடுங்கள். அதற்கு மேல் செலவு வேண்டுமென்றால் லேயில் ரெண்டாவது பைக் வாடகைக்குக் கிடைக்கும். வெளியூரில் வாடகைக்கு எடுத்துவந்த பைக்கை லே சுற்றுவட்டாரத்தில் ஓட்ட உள்ளூர்ச் சங்கத்தார் விடுவதில்லை, அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

## கூடாரம் உள்ளே நனைந்திருக்கிறது, குளிர் தாங்கவில்லை

மழை பெய்யாமலே விடிகாலையில் சொட்டினால் அது ரெண்டு பேர் மூச்சு. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடியிருப்பீர்கள், ரெண்டு பக்கக் காற்றுவழியையும் திறந்து வையுங்கள். தரையிலிருந்து ஈரம் வந்தால், அடியில் விரித்த ஷீட் கூடாரத்தை விட வெளியே நீண்டிருக்கும், மழைநீரைப் பிடித்து உள்ளே அனுப்பும். உள்ளே மடியுங்கள். தையலில் சொட்டினால் மட்டும்தான் கூடாரத்தின் குற்றம்.

குளிர் மேலிருந்து வருவதாகத் தோன்றும், பெரும்பாலும் கீழிருந்துதான். தூக்கப்பையை மாற்றுவதற்கு முன் பாயை ரெட்டையாக்குங்கள். நாள் முழுக்கப் போட்ட சாக்ஸோடு படுக்காதீர்கள், அதில் ஈரம் இருக்கும். நடுக்கம் நின்று, ஆள் மந்தமாகிவிட்டால் அது சாதாரணக் குளிர் இல்லை. உலர்ந்த துணி, சூடான இடம், உடனே ஆள் உதவி. எவ்வளவு குளிரானாலும் கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

## அடுப்பு எரியவில்லை, சோறு வேகவில்லை

சோறு வேகாததற்கு அடுப்பைத் திட்டாதீர்கள். பாங் உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடி போட்டு ஒரு மணி நேரம் வைத்தாலும் அரிசி நடுவில் கல்லாகத்தான் இருக்கும். சின்ன குக்கர் வேண்டும், இல்லையென்றால் அவல், சேமியா, ரவை. அவலை வெந்நீரில் நனைத்து பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டால் பத்து நிமிடத்தில் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும்.

ஜ்வாலை சிறுத்துப்போனால் முதலில் காற்றை மறையுங்கள். அடுத்து சிலிண்டரைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே இருந்தும் வரவில்லையென்றால் குளிர். வெறும் பியூட்டேன் நிரப்பிய மலிவான சிலிண்டர் உறைநிலைக்குப் பக்கத்தில் மக்கர் செய்யும். ராத்திரி அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். தீயில் காட்டாதீர்கள், சிலிண்டரைச் சுற்றி முழுக்க அடைத்துத் தடுப்பும் வைக்காதீர்கள், வெடிக்கும். இதை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோக முடியாது, மணாலியிலோ லேயிலோதான் வாங்க வேண்டும். பைக் டேங்க் பெட்ரோலில் எரியும் அடுப்பு என்றால் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) கரி பிடிக்கும், குத்தும் ஊசியை மறக்காதீர்கள். கேலாங்குக்கு முன்னால் டாண்டி பெட்ரோல் பங்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்று பலகை இருக்கிறதே, அந்தக் கணக்கில் அடுப்பு குடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஊர் வந்து ரயிலிலிருந்து இறக்கியதும் ஓடவில்லை

பார்சலில் போடும்போது டேங்கைக் காலி செய்திருப்பார்கள், ரெண்டு லிட்டராவது ஊற்றாமல் பம்ப் பிடிக்காது. ஊற்றியும் இல்லையென்றால் பேட்டரி முனை, கில் சுவிட்ச், ஃபியூஸ், மேலே சொன்ன அதே வரிசை. அதோடு கிளட்ச் லீவர் வளைந்திருக்கிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று ஸ்டேஷனிலேயே பாருங்கள். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.